கோலத்துக்குள் ஓடிய ஆறு

அலமேலுவிடம் ஒரு நாளைக்கான கட்டுச்சாதமும், அணையப்போகிற ஒரு பந்தமும், மூன்று தெம்பும் மிச்சம் இருந்தன. பின்னால் ஓநாய்க் காடு. முன்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திய ஜானுவுக்கும் தெரியாது.

ஜானு மந்தைவெளியில், முதல் மாடி ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜை முன்னால், ஒரு காலை மடித்து நாற்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம். உள்ளங்கையில் பகடையைக் குலுக்கியாகிவிட்டது. விடப்போகிற நேரத்தில் வாசல் மணி அடித்தது.

பாத்திரம் தேய்க்க வரும் பேச்சியம்மாள். ஜானு பகடையை மேஜை மேல் வைத்து, விரித்திருந்த பெரிய தாளைச் செய்தித்தாளால் மூடிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

“இன்னாமா, தூங்கிட்டியா? எம்மா நேரம் அடிக்கிறது” என்று பேச்சியம்மாள் செருப்பைக் கழற்றினாள். அவளுக்கு வீடு பட்டினப்பாக்கத்தில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். “ராவெல்லாம் ஒரே கொசு. இந்த வருசம் மழையும் இல்ல, ஆத்து வாய் அதுக்குள்ள மூடிக்கிச்சு. மண்ணு அடைச்சிக்கினு தண்ணி போவமாட்டேங்குது. இந்தாண்ட ஆறு, அந்தாண்ட கடலு, நடுவுல ஒரு மணல் திட்டு. சண்ட போட்ட சம்பந்திங்க மாரி ரெண்டும் மொறைச்சிக்கினு கீது.”

“கொசுவத்தி வாங்கி ஏத்தேன்.”

“அந்தக் கொசு வத்திய மோந்து பாத்துட்டு என்னாண்ட வருது” என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் அடுப்படிக்குள் போனாள். ஜானு செய்தித்தாளின் ஒரு முனையைத் தூக்கி, அலமேலு அங்கேதான் நிற்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஜானுவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் காலை நேர வேலை. சீருடை எந்தக் கடையில், வேன் எத்தனை மணிக்கு, யூ.கே.ஜி. குழந்தையின் தண்ணீர் பாட்டில் எங்கே போயிற்று என்று எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தால் கணவர் கிச்சா. தி. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர். லட்சக்கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் கண்டுபிடித்துவிடுவார், தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று ஜானுவைத்தான் கேட்பார். கத்தரிக்கோல், கேஸ் புத்தகம், மாமனாரின் திதி, எதிர் ஃபிளாட்டின் உபரிச் சாவி, எல்லாம் அவளுக்குத் தெரியும். காசிக்குப் போனபோதுகூட, எந்த ஸ்டேஷனில் எந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது என்று அதைக் கட்டும்போதே முடிவு செய்திருந்தாள். கங்கையைப் பார்த்தபோது அவள் மனதில் ஓடியது, ஈரத் துணியைப் போட எடுத்து வந்த பிளாஸ்டிக் பை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதுதான்.

போன கோடையில் மகன் நிரஞ்சனின் அலமாரியை ஒழித்தாள். அவன் பெங்களூரில் வேலைக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. அடித்தட்டில் ஒரு ஷூ பெட்டி. அதற்குள் நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கண்ணாடிக் கல் மாதிரி வண்ண வண்ணப் பகடைகள், கூடவே தடிமனாக ஒரு விதிப் புத்தகம். அவனுக்கு ஃபோன் போட்டாள்.

“டேய், இந்தக் கலர் கட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடவா?”

“அம்மா, ப்ளீஸ். அது டைஸ். காலேஜ்ல ஆடினது.”

“ஆடறதுக்கு நீதான் இங்க இல்லையே.”

“ஆள் வேண்டாம்மா, தனியாவே ஆடலாம். நீ ஒரு வீரனையோ வீராங்கனையையோ உண்டு பண்ணிக்கணும். அவ ஒரு தெரியாத தேசத்துல நடந்து போவா. ஒவ்வொரு கட்டத்துக்குள்ள நுழையறச்சேயும் அங்க காடா, மலையா, பேயான்னு டைஸ்தான் சொல்லும்.”

“முன்னாடியே யாருக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“புஸ்தகம் எழுதினவாளுக்கு?”

“அவாளுக்கும் தெரியாதும்மா.”

ஜானு ஒழித்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஆட்டம் எளிதாகத்தான் இருந்தது. தாளில் ஒரு நாடு. நாடு முழுக்க அறுகோணக் கட்டங்கள், தேன்கூடு மாதிரி. ஒரு கட்டத்திலிருந்து ஆறு பக்கமும் போகலாம். ஒரு கட்டத்தைக் கடக்க ஒரு நாள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் சாப்பாடு செலவு. புதுக் கட்டத்தில் கால் வைத்ததும் பகடையை உருட்டி, வந்த எண்ணைப் புத்தகத்திலுள்ள பட்டியலில் பார்த்தால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். இன்னொரு தடவை உருட்டினால் யாராவது எதிர்ப்படுகிறார்களா என்று தெரியும். உடம்பில் எவ்வளவு பலம் மிச்சம் என்பதற்கு ஓர் எண் உண்டு. நிரஞ்சன் அதற்கு ஏதோ இங்கிலீஷில் சொன்னான். ஜானு அதைத் தெம்பு என்றே வைத்துக்கொண்டாள். தெம்பு தீர்ந்தால் ஆள் காலி. புது ஆளை உண்டாக்கி முதலிலிருந்து கிளம்ப வேண்டியதுதான்.

அறுகோணத் தாளைப் பிரின்ட் எடுத்துக்கொள் என்றான் நிரஞ்சன். பிரின்டரில் அவன் ஊருக்குப் போன வருஷமே மை காய்ந்துவிட்டது. அவன் ஃபோனில் அனுப்பிய படத்தை ஜானு பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இது ஊடு புள்ளிடா” என்றாள்.

ஊடு புள்ளி என்றால், கோலத்தில் முதல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழுவது. அப்படி வைத்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சரியாக ஆறு புள்ளிகள் அமையும். கோடே தேவையில்லை. புள்ளிதான் கட்டம். லஸ் முனையில் ஒரு சார்ட் வாங்கி வந்து, ஸ்கேல்கூட வைக்காமல் அரைமணியில் நாடு முழுவதையும் புள்ளியாக வைத்து முடித்தாள். படம் பிடித்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு நிரஞ்சன், “நாங்க இதுக்கு சாஃப்ட்வேர் வெச்சிருந்தோம்மா” என்று எழுதினான்.

அலமேலு போய்வந்த புள்ளிகளின் மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் மரம், பழுப்பில் மலை, கறுப்பில் பாழடைந்த கோட்டை. போகாத இடமெல்லாம் வெறும் புள்ளி.

அலமேலு முதல் ஆள் அல்ல. ஜானு தன் ஆட்களுக்குப் பள்ளித் தோழிகளின் பெயர்களை வைத்தாள். வசுமதியை ஓநாய் தின்றது. ராதாமணி படுகுழியில் விழுந்தாள். குமுதா ஒரு பெரிய ஆற்றின் கரையிலேயே பட்டினியால் செத்தாள். அதற்கடுத்த வாரம் வடக்கு மாட வீதியில் நிஜ வசுமதி எதிரே வந்து, “என்னடி ஜானு, இளைச்சுட்டே” என்று கையைப் பிடித்துக்கொண்டபோது ஜானு அந்தக் கையில் ஓநாய்க் கடி எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவள் அலமேலு. அதனாலோ என்னவோ இந்த அலமேலுவும் சாகவில்லை. கோடை முடிந்து, நவராத்திரி போய், தீபாவளியும் போன பிறகும் நடந்துகொண்டிருந்தாள். தாளின் தெற்கு விளிம்பில் கிளம்பியவள் பாதிக்குமேல் வந்துவிட்டாள். வடக்கு விளிம்பில் கடல் இருக்க வேண்டும் என்பது ஜானுவின் ஆசை. ஆசைதான். இருக்கிறது என்று எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தாளை விரிக்கும்போது ஜானுவின் கழுத்துப்பக்கம் சூடாகும். கோபாலபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே வலது கை விரல்கள் தாமாகக் குலுக்கும்.

அவளாகச் சில நியமங்களும் வைத்திருந்தாள். தாளில் ஏறியதை அழிக்கக் கூடாது. பகடை மேஜையிலிருந்து கீழே விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான், போய்ப் பார்த்து அந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். “கீழ விழுந்தா நாங்க மறுபடி உருட்டுவோமே” என்றான் நிரஞ்சன். “அதான் உங்க ஆள் யாரும் செத்ததே இல்லை” என்றாள் ஜானு.

கிச்சாவுக்கு இதில் ஒரு பங்குதான் உண்டு. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அலமேலு சாப்ட்டாளா?” என்பார். அது கிண்டல்தான். ஆனால் ஒரு நாள்கூடக் கேட்காமல் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அந்த விபரீதம் நடந்தது. அடுத்த வாரம் பொங்கல். குடியிருப்பில் கோலப் போட்டி. போட்டிக்கு யார் யார் என்று கேட்க, சங்கத்துச் செயலாளர் அம்மாள் ஜானுவைக் கீழே கூப்பிட்டுப் பிடித்துவைத்துக்கொண்டார். அடுப்பில் குக்கரையும் அடுப்படியில் பேச்சியம்மாளையும் விட்டுவிட்டு, ஜானு அவசரத்தில் தாளை மூடாமல் போயிருந்தாள்.

திரும்பி வந்தபோது பேச்சியம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். முகத்தில் ஒரு பெருமை.

“பாதில வுட்டுட்டுப் பூட்டியேன்னு நானே இழுத்துட்டேம்மா. போட்டிக்குத்தானே? எப்டி கீது, சொல்லு.”

ஜானு பார்த்தாள். அலமேலு நின்ற காட்டுக்கு மேலே, வடக்கே கிடந்த வெறும் புள்ளிகள் அத்தனையையும் நீல ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிச் சுற்றி, ஒரே இழையாக ஒரு சிக்குக் கோலம். ஒரு புள்ளி விடவில்லை. அவள் மாதக்கணக்காகப் போய்ச் சேரக் காத்திருந்த தேசம் முழுவதும் பத்தே நிமிஷத்தில் முடிந்துகிடந்தது.

“கீழ மரம் மலையெல்லாம் ஜோரா போட்டுக்கிற. மேல வெறும் பொட்டு. பொட்டு வெச்சிட்டு இழுக்காம வுட்டா வூட்டுக்கு ஆவாது, தெரியும்ல?”

கண்ணைக் கரிக்கிற மாதிரி கோபம் வந்தது. அதைக் கொட்ட ஜானுவுக்கு இடமில்லை. கோலத்தைச் சரியாகப் போட்டவளை என்னவென்று திட்டுவது? “நன்னா இருக்கு பேச்சி” என்று அவள் வாய் சொன்னது. பேச்சியம்மாள் போனபிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கிச்சா வந்து, “அலமேலு சாப்ட்டாளா?” என்றார். ஜானு தாளைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “வொயிட்னர் போட்டு அழிச்சுடேன்” என்றார்.

“உங்க ஆஃபீஸ்ல இங்க்ல எழுதினதை வொயிட்னர் போட்டு அழிப்பேளா?”

“சேச்சே. அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுவோம்.” சொன்ன பிறகுதான் தான் யார் பக்கம் பேசுகிறோம் என்பது கிச்சாவுக்குப் புரிந்தது.

நிரஞ்சன் ஃபோனில், “வேற சார்ட்ல காப்பி பண்ணிக்கோம்மா. கீழ்ப் பாதியை மட்டும் வரைஞ்சாப் போறும். நாங்கன்னா அதைத்தான் பண்ணுவோம்” என்றான்.

“அலமேலு ராத்திரி காட்டுல படுத்துண்டா. காலம்பற எழுந்து பாக்கறா, எதிர்க்க என்னமோ இருக்கு. அவ யாரண்ட போய் வேற தாள் கேப்பா?”

இதைச் சொன்ன மாத்திரத்தில் ஜானுவுக்கே ஒன்று தட்டியது. எதிரே என்னமோ இருக்கிறது. நீலமாக. ஃபோனைக் காதில் வைத்தபடியே எழுந்து மேஜைக்குப் போனாள். “நிரஞ்சன், அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

“ஏன்னா, இங்க வாங்கோ. இது என்ன?”

“பேச்சியம்மா போட்ட கோலம்.”

“இல்லை, ஆறு.”

சனிக்கிழமை கிச்சாவுக்கு அரை நாள். பொங்கல் கூட்டத்தில் பாண்டி பஜாரைக் கடந்து வேர்த்து விறுவிறுத்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் மேஜை எதிரில் உட்கார்ந்தார். முந்தின ராத்திரி முழுக்க ஜானு புரண்டு படுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

“நியாயமா சொல்லு. அவ பிழைப்பாளா?”

“ஆறு எல்லாப் புள்ளியையும் சுத்திண்டு போறது. நடந்து போனா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தரம் நீந்தணும். ஒவ்வொரு தரமும் உருட்டணும். ரெண்டு மூணு தரத்துல முழுகிடுவா.”

“அப்போ?”

“காட்டுல மரம் இருக்கே. ஒரு தெப்பம் கட்டுவா. ஒரே இழைதானே. எங்க ஏறினாலும் அது கொண்டுபோய்டும்.”

கட்டுச்சாதத்தின் கடைசிப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு அலமேலு தெப்பம் கட்டினாள். ஜானு ஒரு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, மழுங்கின முனையை நீலக் கோட்டின் மேல் வைத்தாள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வளையாமல் நேரே போக வேண்டும், புள்ளியைத் தாண்டியதும் சுற்ற வேண்டும். சிக்குக் கோலம் போட்ட கைக்கு அது தன்னால் வந்தது. ஒவ்வொரு பெரிய வளைவிலும் எதிர்ப்படுவது யார் என்று உருட்டினாள்.

முதல் வளைவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் யாரோ வருகிறார்கள். புத்தகத்தில் பார்த்தாள்.

“முதலை” என்றாள்.

“இன்னா மொதல?” என்று கேட்டுக்கொண்டு பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து சோப்புக் கையோடு வந்தாள். அவள் வந்து பாத்திரத்தைப் போட்டுக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே மறந்துபோயிருந்தார்கள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஜானு நாலு வாக்கியத்தில் சொன்னாள். இது கோலம் இல்லை, ஒரு தேசம். இவள் அலமேலு. பசியோடு போகிறாள். நீ போட்டது ஆறு. பேச்சியம்மாள் தாளையும் ஜானுவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நேத்து நான் கெடுத்து வுட்டுட்டனா?”

“கெடுக்கலை. ஆறு விட்டிருக்கே.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நேரா போட்டிருப்பேனே. வளைச்சு வளைச்சு இம்மா தூரம் சுத்த வுட்டுட்டனே.” பேச்சியம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “சரி, அந்த மொதல இன்னா ஆச்சு?”

இந்தப் பழைய ஆட்டத்தில் எதிர்ப்படுவதெல்லாம் உடனே கடிக்காது. அதன் மனநிலை என்ன என்பதற்கும் ஓர் உருட்டு உண்டு. ஜானு இரண்டு பகடையை உருட்டினாள். பத்து. முதலை அலமேலுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

“துன்னுட்டு வந்திருக்கும்” என்றாள் பேச்சியம்மாள்.

“உனக்கும் முதலைக்கும் நல்ல பழக்கம்போல” என்றார் கிச்சா.

“அடையாத்துல இல்லாத மொதலயா சார்? பேப்பர்லதான் போடமாட்டான்.”

தெப்பம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள். சாப்பாடு இல்லாத நாளுக்கு ஒரு தெம்பு குறையும். மூன்று இரண்டாயிற்று. இன்னொரு நாள். வழியில் கரையோரம் யாரோ விளக்கேற்றிய கல் மண்டபம் ஒன்று வந்தது, நிறுத்த வழியில்லை, ஆறு இழுத்துக்கொண்டு போயிற்று. ஜானு பென்சிலை எடுக்காமலே எட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். இரண்டு ஒன்றாயிற்று. வடக்கு விளிம்பு இன்னும் கொஞ்ச தூரம். இன்னும் ஒரு நாளாகும்.

ஜானு பென்சிலை நிறுத்தினாள்.

“அவ்வளவுதான்” என்றாள். “நாளைக்குச் சாப்பாடு இல்லைன்னா போய்டுவா.”

“ஏன் போறா?” என்றாள் பேச்சியம்மாள். “ஆத்து மேலதானே போய்க்கினு கீறா. மீன் புடிக்கத் தெரியாதா அவளுக்கு?”

ஜானு புத்தகத்தைப் புரட்டினாள். நடுவில், அவள் எத்தனையோ முறை தாண்டிப் போன பக்கத்தில், தெளிவாக இருந்தது. நீர்நிலை ஓரம் இருந்தால் மீன் பிடிக்கலாம், உருட்டிப் பார்க்க வேண்டும். இத்தனை மாதத்தில் அந்த வரி அவள் கண்ணில் படவில்லை. பட்டிருக்கும், மூளை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ஆட்களின் மூட்டையில் எழுதியதெல்லாம் புளியோதரையும் தயிர்சாதமும்தான்.

“அய்யோ, குமுதா” என்றாள் ஜானு. “ஆத்தங்கரையிலேயே பட்டினி கிடந்து செத்தாளே.”

“யாரும்மா அது?”

“இவளுக்கு முன்னாடி போனவ.”

“ஆத்தங்கரைலயா? எறா மீனு கெண்ட மீனு எல்லாம் சிரிச்சிருக்கும்மா அவளைப் பாத்து.”

ஜானு பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தாள். “அவ சாப்பிட மாட்டாளே” என்றாள் மெல்ல.

“சாவக் கெடக்கறா. இப்ப இன்னா ஆசாரம் அவளுக்கு?”

கிச்சா தொண்டையைச் செருமினார். “ஜானு, நிஜ அலமேலு நியூஜெர்சில என்னென்ன சாப்பிடறான்னு ஃபேஸ்புக்ல நீதானே காட்டினே.”

ஜானு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உருட்டினாள். மீன் கிடைத்தது. அலமேலு தெப்பத்தில் உட்கார்ந்து, அணையப்போகிற பந்தத்தில் அதைச் சுட்டுத் தின்றாள். தெம்பு குறையாமல் ஒன்றிலேயே நின்றது. பேச்சியம்மாள் தானே சாப்பிட்டவள்போல் முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி வளைவு. ஜானு பென்சிலைத் தள்ளிக்கொண்டே போனாள். வடக்கு விளிம்பை ஒட்டி, மேல் வரிசைப் புள்ளிக்குப் பக்கத்தில், நீலக் கோடு சட்டென்று நின்றது. மறுபக்கம் ஒரு விரற்கடை தள்ளி அது திரும்ப ஆரம்பித்தது. நடுவில் வெறும் தாள்.

“இங்க ஏன் சேரலை?”

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். “அங்கதான் ஆரம்பிச்சேன். முடிக்கப் போறப்ப குக்கர் விசில் அடிச்சிச்சு. அமுத்திட்டு வந்து சேக்கலாம்னு பாத்தா நீ வந்துட்ட.”

“இப்போ சேத்துடலாமே” என்றார் கிச்சா.

“கூடாது” என்றாள் ஜானு. தெப்பம் அந்த அறுந்த முனையில் நிற்கிறது. ஆறு எங்கே போயிற்று? அவள் கண் முன்னால், வியாழக்கிழமை செருப்பைக் கழற்றியபடி பேச்சியம்மாள் புலம்பியது வந்து நின்றது. இந்தாண்ட ஆறு, அந்தாண்ட கடல், நடுவில் மணல் திட்டு.

“ஆறு முகம் இருக்கற டைஸ் ஒண்ணு. ஒண்ணு ரெண்டு விழுந்தா, ஆறு அங்க பாதாளத்துல விழறது. அவ போயிட்டா. மூணு நாலுன்னா, சதுப்புல ஊறிப்போயிடறது. அஞ்சு ஆறுன்னா, பேச்சியாத்து மணல் திட்டு.”

“மணல் திட்டுன்னா?”

“திட்டுக்கு அந்தாண்ட கடல்.”

“சதுப்புன்னா பொழைப்பாளா?”

“ஒரு தெம்போடயா? திரும்பி வர வழி ஏது.”

பேச்சியம்மாள் கையை நீட்டி, பகடையின் மேல் பொத்தினாள். “அப்பாலிக்குப் போடேம்மா. பொங்க முடிஞ்சு போடு. இன்னிக்கு சனிக்கெழம.”

“இன்னிக்கே தெரியணும் பேச்சி.” அந்தக் கையை ஜானு மெதுவாக விலக்கினாள். தன் குரலே அவளுக்குச் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி கேட்டது. தெரியாமல் இருப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இன்னும் ஒரு நொடி அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். உருட்டினாள்.

பகடை மேஜையின் குறுக்கே ஓடியது, விதிப் புத்தகத்தின் முனையில் இடித்தது, எகிறிக் கீழே விழுந்தது. தரையில் இரண்டு தரம் துள்ளியது. பிறகு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் மறைந்தது.

மூன்று பேரும் ஃப்ரிட்ஜைப் பார்த்தார்கள்.

“மறுபடி போடலாமோன்னோ?” என்றார் கிச்சா.

“கூடாது. விழுந்தது விழுந்ததுதான். பாக்கணும். ஃப்ரிட்ஜை நகத்தப்படாது, அசைஞ்சா புரண்டுடும்.”

கிச்சா ஆஃபீஸ் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்தார். ஃபோன் விளக்கை ஏற்றி உள்ளே அடித்தார். “பேச்சியம்மா, இங்க பெருக்கி எத்தனை வருஷமாச்சு?”

“தொடப்பம் போவாது சார். நீ கரெக்டா படுத்துக்கினுதானே கீற, அப்படியே ஊதி வுடு.”

“ஊதாதீங்கோ” என்றாள் ஜானு. “எங்க இருக்கு? என்ன எண்?”

“இரு. ஒரு ரப்பர் பேண்ட். பாட்டில் மூடி. ஆங், இதோ. சுவரோரமா.” கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தார். “அஞ்சு.”

பேச்சியம்மாள் கையைத் தட்டினாள். ஜானு தட்டவில்லை.

“நிஜமாவா?”

“ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க மேல இருக்கு. உங்க கண்ணாடி மேஜை மேல இருக்கு.”

கிச்சா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டார். ஜானு புடவையைச் சுருட்டிக்கொண்டு தரையில் படுத்தாள். கன்னத்தில் தரை ஜில்லென்று இருந்தது. தினமும் பத்து தரம் திறக்கிற ஃப்ரிட்ஜ், அதன் அடியில் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தூசி மேடு மேடாகக் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது அசைந்தது. அதற்கப்பால், சுவரில் சாய்ந்தும் சாயாமலும், சிவப்புப் பகடை தட்டையாக உட்கார்ந்திருந்தது. நாலு மூலையிலும் நாலு வெள்ளை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நடுவில் இன்னொன்று.

“அஞ்சு” என்றாள் ஜானு, தரையில் படுத்தபடியே.

“நான் சொன்னப்போ?” என்றார் கிச்சா.

பேச்சியம்மாள் அதற்குள் தாளின் அறுந்த முனையில் விரலை வைத்து, வெளியே மேஜை மரத்தின் மேல் ஓட்டிக் காட்டினாள். “இப்டி ஏறி, இப்டி எறங்கினா கடலு. காலு சுடும், ஓடியே பூடச் சொல்லு.”

ஜானு எழுந்து வந்து உட்கார்ந்தாள். தலைமுடியில் தூசி ஒட்டியிருந்தது. ஸ்கெட்ச் பேனாக்களைக் கொட்டி, நீலத்தில் எது இன்னும் கொஞ்சம் அடர்த்தி என்று மூடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். அலமேலு தெப்பத்தை விட்டு இறங்கியிருப்பாள். ஒரே ஒரு தெம்போடு திட்டின் மேல் ஏறிக்கொண்டிருப்பாள். மேலே போய் நின்றதும் காற்று முகத்தில் அடித்திருக்கும்.

“ஜானு, நாலு மணி ஆச்சு” என்றார் கிச்சா. “காஃபி?”

“போடுங்கோ.”

அவர் அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், “காஃபிப் பொடி எங்க வெச்சிருக்கே?” என்றார்.

ஜானுவுக்குத் தெரியும். மேல் தட்டில், இடது பக்கம், பருப்பு டப்பாவுக்குப் பின்னால், எழுத்து அழிந்த பித்தளைத் தூக்கில்.

“தெரியாது. தேடிப் பாருங்கோ” என்றாள்.

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுப்படியில் ஒவ்வொரு மூடியாகத் திறக்கிற சத்தம் கேட்டது. “இதுல என்னமோ இருக்கே” என்றது கிச்சாவின் குரல். ஜானு தாளின் விளிம்போடு விளிம்பாக முதல் அலையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.